ஐப்பசியில் மலையேறிய தீர்மானம்

இதைப் படிக்கும் உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அதை வேறு சிலர் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை முதல் ஞாயிறு நண்பகல் வரை நீலகிரியில் நான் எதைப் பார்த்தேன், எந்த இடத்தில் வாய் திறந்தேன் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். எதையும் கூட்டிச் சொல்வது என் பழக்கம். இம்முறை அதைத் தவிர்த்திருக்கிறேன்.

நான் கோவையில் சட்டம் படிக்கிறேன். பள்ளிப் பருவத்திலிருந்தே மேடை எனக்குப் பழக்கம். நான் வென்ற கோப்பைகளுக்கு வீட்டு அலமாரியில் இடம் போதாமல், ஒன்றில் அம்மா கல்லுப்புப் போட்டு வைத்திருக்கிறார். எங்கள் கல்லூரிப் பேச்சு மன்றத்தில் நாற்பத்திரண்டு பேர். ஆண்டுதோறும் கோடையில் மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்துவோம். இவ்வாண்டு அதை இலையுதிர் காலத்தில், சீசன் ஓய்ந்த பிறகு, நீலகிரியில் நடத்தலாம் என்ற தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன்.

எதிர்த்துப் பேசியவர் ஒருவர்தான்: ஜெசிந்தா. என் வகுப்பு மாணவி. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுந்து நின்று, "அங்க இலை உதிராதுங்க, மண்ணுதான் உதிரும். ஐப்பசில வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் ஏழு நிமிடம் பதில் சொன்னேன். என் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே ஒற்றை மேகம் தென்பட்டாலும் ஆட்கள் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். "மழைக்கு அஞ்சுகிறவர்களை எங்கள் கண்மாய்க் கரைக்கு அனுப்புங்கள், வெடித்த மண் பாடம் சொல்லும்" என்று முடித்தேன். கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று. தீர்மானம் நிறைவேறியது. முகாமுக்கு இடம் பார்க்கும் பொறுப்பையும் எனக்கே தந்தார்கள். ஞாயிறு நண்பகலுக்குள் 'கிளம்பலாம்' என்றோ 'வேண்டாம்' என்றோ நான் செய்தி சொல்ல வேண்டும். அடுத்த வெள்ளியன்று பேருந்து புறப்படும். 'வேண்டாம்' என்றால் அந்த ஏழு நிமிடத்தையும் நாற்பத்திரண்டு பேர் முன்னால் நானே விழுங்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய பேருந்து பர்லியாறு தாண்டியதும் நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் கிடந்தது. நடத்துநர் படியில் நின்றபடி, "டீ குடிக்கிறவங்க இறங்கிக் குடிச்சுக்கங்க, மரம் எங்கயும் ஓடாது" என்றார். நான் வேகவைத்த கடலை வாங்கிக்கொண்டு தூறலில் நின்றேன். முகத்தில் மழை விழ விழச் சிரிப்பு வந்தது. சன்னலோரம் இருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் படுக மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அருகில் நின்றவரிடம் பொருள் கேட்டேன். "கீழ இருந்து வர்றவங்கதான் இந்த மழையப் பாத்துச் சிரிப்பாங்கன்னு சொல்லுறாங்க" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

உதகை என் வாதத்துக்கு வரிந்துகட்டிக்கொண்டு சாட்சி சொன்னது. ஏரியில் படகுகள் கரையோரம் கட்டுண்டு கிடந்தன. கடைத்தெருவில் கம்பளிச் சட்டைகள் மட்டுமே கூட்டமாகத் தொங்கின. சவாரிக் குதிரையைப் பிடித்து நின்றவர், "வாங்க சார், ஆளில்லாம இன்னைக்குக் குதிரையே உங்கள ஏத்திக்க ஆசைப்படுது" என்று அழைத்தார். விடுதி மேலாளர் ஒருவர் எல்லா அறைகளின் சாவிகளையும் மேசையில் பரப்பி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். சூடான வர்க்கியைத் தேநீரில் நனைத்துத் தின்றபடி, ஆளற்ற சாலைகளின் படங்களை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். 'மலை முழுதும் நமக்கே' என்று எழுதினேன். நாற்பது கட்டைவிரல்கள் எழுந்தன. ஜெசிந்தாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனால் நாற்பது பேர் உட்காரும் கூடம் எந்த விடுதியிலும் இல்லை. குன்னூருக்குத் திரும்பி அங்கே தங்கினேன்.

சனிக்கிழமை காலை குன்னூர்ப் பேருந்து நிலையத்தில் ஜெசிந்தா குடையோடு நின்றிருந்தார். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தவர், தங்கள் தோட்டத்துக்கு மேலே பழைய கிளப் கட்டடம் ஒன்று வாடகைக்கு உண்டு என்று சொல்லியிருந்தார். "கேட்டீங்கன்னு காட்டுறேன். எடுக்கச் சொல்லி நான் சொல்லல" என்று வழியிலேயே தெளிவுபடுத்தினார். மினி பஸ் இருமுறை நின்று மூச்சு வாங்கி எங்களை இறக்கிவிட்டது.

கட்டடத்தைக் கண்டதும் என் மனம் அங்கேயே குடியேறிவிட்டது. பளபளக்கும் மரத்தளம், உயர்ந்த கூரை, ஒரு கணப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரை ஒட்டி முழங்கால் உயரத்தில் ஒரு மேடை. ஏறி நின்று ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தேன். குரல் கூடம் முழுதும் சுற்றி என்னிடமே வந்தது. காவலாளி போஜன் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல சத்தமுங்க. சீசன்ல கல்யாணப் பாட்டுக் கேக்கும். இந்த மாசத்துல ஓட்டு மேல மழை பேசுறதுதான்" என்றார். கூடத்துக்குப் பின்னால் வெட்டிய புதிய வடிகாலைக் காட்டி, நேற்றுத்தான் தோண்டி முடித்தார்கள் என்றும் சொன்னார். இந்தத் தகவலை நினைவில் வைத்திருங்கள். பிறகு நான் அதைப் பயன்படுத்தினேன்.

அதே சரிவில் சற்றுக் கீழே தொழிலாளர் குடியிருப்பு. ஆறு வீடுகள் ஒரே சுவராக ஒட்டி நிற்கும் அந்த வரிசையை லயம் என்கிறார்கள். முதல் வீட்டில் ஜெசிந்தாவின் தாயார் செசிலியா எங்களுக்குச் சமைத்து வைத்திருந்தார். கொழுந்து பறிக்கிறவர், கணவர் இல்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். ஆகவே தேங்காய் ரொட்டியும், கண்ணில் நீர் வரவழைக்கும் சம்பலும் கிடைத்தன. "சாப்பிடுங்க மகன், உறைச்சா தேத்தண்ணி இருக்கு" என்றார். எங்கள் ஊரில் விருந்தினருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். இங்கே குளிருக்கு முதலில் அடுப்படியில் இடம் கொடுக்கிறார்கள்.

சன்னல் விளிம்பில் ஏழு கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர், ஒவ்வொன்றின் மீதும் கிழமை எழுதிய காகிதம். தீர்த்தமா என்று கேட்டேன்.

"எங்கம்மாவோட வானிலை நிலையம்" என்றார் ஜெசிந்தா.

லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஓர் ஊற்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாள்தோறும் அதில் ஒரு குப்பி பிடித்து வைப்பது அவர்கள் வழக்கம். தெளிந்திருந்தால் வேலைக்குப் போவார்கள். கலங்கினாலோ, மழை பெய்யும்போதே ஊற்று மெலிந்தாலோ, பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டிலிருக்கும் மாதா கோயில் கூடத்துக்குப் போய்விடுவார்கள். "கலங்குனா உள்ள மண்ணு அசையுது. மெலிஞ்சா உள்ள எங்கயோ தண்ணி சேருது. அவ்வளவுதான் மகன்" என்றார் செசிலியா. பிறகு அன்றைய குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் செம்மண் விரல் அகலத்துக்குப் படிந்திருந்தது.

அவர் ரொட்டிக் கல்லை இறக்கிவிட்டு வாசலுக்குப் போய், "இன்னைக்கு மேல போவோம்" என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

அரை நாள் வேலை முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். சிலர் முணுமுணுத்தபடியே பாய்களைக் கட்டத் தொடங்கினர். கடைசி வீட்டுச் சுந்தரம் மட்டும் நகரவில்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை. லயத்தில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. "போன வருசமும் இதேதான். மூணு நாளு கோயில்ல கெடந்தோம், ஒரு கல்லு உருளல. ஃபேக்டரில எல்லாரும் சிரிச்சானுங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, வக்கீலுக்குப் படிக்கிறீங்க. நல்லாப் பேசுவீங்கன்னு ஜெசிந்தா பாப்பா சொல்லிச்சு. நீங்க சொல்லுங்க, இதுல நாயம் இருக்குதுங்களா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்று. நானும் பார்த்தேன். அந்த நேரத்தில் மழை நின்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே அந்த மேடை இருந்தது. இந்தச் சரிவு ஆபத்தானது என்று முடிவானால் அந்தக் கூடம் போயிற்று. என் தீர்மானமும் போயிற்று. இவை யாவும் எனக்குத் தெரிந்தே இருந்தன.

நான் வாசல் படியில் ஏறி நின்றேன்.

"மேலே நேற்று வடிகால் வெட்டினார்கள். வெட்டிய மண் மழையில் கரைந்தால் தண்ணீர் சிவக்காமல் வெளுக்குமா?" என்று தொடங்கினேன். "மழையில் பயந்தால் பொருளுண்டு, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பயப்படலாமா?" என்றேன். கடைசியாக, "போன ஆண்டும் நீங்கள் மூட்டை கட்டினீர்கள். மலை நகரவில்லை; நீங்கள்தான் நகர்ந்தீர்கள்" என்றேன். சிரிப்பு வெடித்தது. சுந்தரம் தொடையில் தட்டிக்கொண்டார். கட்டிய பாய்களை அவிழ்த்தார்கள்.

செசிலியா ஒரு குடத்தையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். ஜெசிந்தா என்னைக் கடக்கும்போது மட்டும் நின்றார். "ஜெயிச்சுட்டீங்க தலைவரே. கை தட்டட்டுங்களா?"

அது உறுத்தியது. தெளிந்த தண்ணீர் ஒரு குப்பி பிடித்துக்கொண்டு போய்ச் செசிலியாவின் முன்னால் வைக்க வேண்டும் என்று தோன்றியது. வெற்றி முழுமையாக வேண்டும் எனக்கு. ஒரு காலிக் குப்பியோடு லயத்தின் பின்புறம் ஏறினேன். பாதி வழியில் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

ஊற்றில் செருகியிருந்த குழாயின் வாயில் குப்பியைப் பிடித்தேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது. காத்திருந்தேன். சொட்டும் நின்றது.

எங்கள் ஊரில் தண்ணீர் நின்றால் வறட்சி என்று பொருள். இங்கே என் கணுக்கால் வரை சேறு. தலையில் கொட்டுகிறது மழை. பாத்திகளுக்கிடையே ஓடுகிறது நீர். மலை இவ்வளவையும் வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஊற்றில் ஒரு சொட்டும் திருப்பித் தரவில்லை. வாங்கியதை எங்கே வைத்திருக்கிறது? எத்தனையோ மேடைகளில் எதிரணியை இப்படி ஒரு கேள்வியில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்வி எனக்கு வந்தது. விடை என் தலைக்கு மேலேயே இருந்தது. குப்பியை எறிந்துவிட்டு இறங்கி ஓடினேன், இருமுறை விழுந்தேன்.

"ஊற்று நின்றுவிட்டது, எல்லாரும் கிளம்புங்கள்" என்றேன். சுந்தரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க தம்பி. மூச்சு வாங்குறீங்க."

"அண்ணா, சொட்டுத் தண்ணீர் வரவில்லை."

"ஹோஸ்ல எல தழ அடச்சிருக்கும்."

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "மலை நகராது, நாமதான் நகருவோம்னு இவருதான சொன்னாரு" என்றார். உள்ளிருந்து சிரிப்பு. நான் வெயிலைச் சொன்னபோது தலையாட்டியவர்கள், நான் மழையைக் காட்டியபோது, "குடை இருக்குது, குடுக்கட்டுங்களா?" என்றார்கள். என் சொற்களை அவர்கள் நன்றாகவே பாடம் செய்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மறுப்புத் தேடினேன், கிடைக்கவில்லை. நல்ல வாதத்தில் ஓட்டை வைக்க எனக்குக் கற்றுத்தரப்படவில்லை.

சுந்தரம் கேட்டார்: "நீங்க எங்க தங்கியிருக்கீங்க?"

"குன்னூரில், லாட்ஜில்."

"அப்ப நாங்க இருந்தா உங்களுக்கென்ன, போனா உங்களுக்கென்ன?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். படியில் ஏறவில்லை, மழையில் நின்றபடியே சொன்னேன். "மேலிருக்கிற ஹால் எனக்கு வேண்டும். அடுத்த வாரம் அங்கே முகாம். இந்தச் சரிவு ஆபத்து என்று நீங்கள் கிளம்பிவிட்டால் என்னால் யாரையும் அழைத்து வர முடியாது. காலேஜில் நான் தோற்றுப்போவேன். அதற்காகத்தான் உங்களை இருக்கச் சொன்னேன். வடிகால் மண் இந்த ஊற்றுக்கு வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசினேன்."

யாரும் சிரிக்கவில்லை. சுந்தரம் டம்ளரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"எங்க ஊட்ட வெச்சு நீ ஓட்டு வாங்கியிருக்க" என்றார். 'நீங்க' போய்விட்டது. பிறகு உள்ளே திரும்பி, "புள்ளைங்களக் கூட்டிட்டு மொதல்ல ஏறு" என்று மனைவியிடம் சொன்னார். கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து என் தோளில் ஏற்றினார். "பேசுன வாய மூடிட்டுத் தூக்கு."

தூக்கினேன். கோயில் வரை செங்குத்தான படிகள். நீர் அவற்றில் அருவியாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் ஆட்டை இழுத்துக்கொண்டு ஏறினார். பின்னால் சுந்தரம் ஒரு முதியவரை முதுகில் சுமந்து வந்தார். மூச்சிரைப்புக்கு நடுவிலும், "எங்க மாரியாத்தா கோயிலு கீழ இருக்குது. மழைன்னா மேல இருக்குற சாமிகிட்டத்தான் போகோணும்" என்று முதியவர் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். கூடத்தின் வாசலில் செசிலியா நின்று, வருகிறவர்களை விரல் விட்டு எண்ணினார். ஆறு வீடும் வந்தாயிற்று என்ற பிறகுதான் உள்ளே போனார்.

சுந்தரம் இன்னொரு முறை இறங்க முயன்றார். டிவியும் பீரோவும் அங்கேயே இருந்தன. அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் இழுத்துக்கொண்டு நின்றபோதே, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போன்ற ஓசை கேட்டது. நிற்காமல் கொட்டியது. மாலை ஐந்து மணி, வெளிச்சம் இருந்தது. எல்லாரும் பார்த்தோம். லயத்தின் பின்மேடு அப்படியே உட்கார்ந்து, கடைசி வீட்டின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு முன்வாசல் வழியே வெளியே வந்தது. அதற்கடுத்த வீட்டில் பாதி போயிற்று.

சுந்தரத்தின் மனைவி அவர் சட்டையை விடவேயில்லை.

அன்றிரவு சாலை அடைபட்டிருந்ததால் நானும் கோயில் கூடத்தில் அவர்களோடு தங்கினேன். செசிலியா எனக்கும் தேத்தண்ணி கொடுத்தார். வேறு யாரும் என்னிடம் பேசவில்லை.

ஞாயிறு காலை மழை ஓய்ந்தது. பூசை முடிந்து வெளியே வந்தபோது சாலையில் ஜேசிபி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. போஜன் மேலிருந்து வந்து, "ஹாலுக்கு ஒரு ஓடு கூட நகரலீங்க. வெள்ளிக்கிழமை வர்றீங்களா?" என்று கேட்டார். அவர் குற்றமில்லை, கேட்பது அவர் வேலை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், என் மனம் அந்த மேடையை நினைத்தது என்பதையும் சாட்சியான உங்களிடம் மறைக்க மாட்டேன்.

நண்பகலுக்குச் சற்று முன் மன்றச் செயலாளரை அழைத்து, முகாம் வேண்டாம் என்றேன். அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பின்னால் பலர் இருப்பது கேட்டது.

"உங்க தீர்மானத்த நீங்களே எதிர்க்குறீங்களா?"

"ஆமாம்."

"காரணம்?"

"அன்றைக்கு ஜெசிந்தா சொன்னதுதான்."

அங்கே சிரித்தார்கள். ஜெசிந்தா பக்கத்தில்தான் நின்றிருந்தார், சிரிக்கவில்லை. "ஏழு நிமிசம் எடுத்துக்கலயா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு லயத்துக்கு இறங்கினோம். சுந்தரம் சேற்றை மண்வெட்டியால் விலக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு மண்வெட்டி எடுத்தேன். சற்று நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே பேசினார். "உசுரக் காப்பாத்திட்டேன்னு நெனச்சுக்காதீங்க. உங்க பேச்சக் கேக்காம இருந்திருந்தா ரெண்டு மணிக்கே எல்லாத்தையும் தூக்கியிருப்பேன். எம் பொண்ணோட பத்தாவது சர்டிபிகேட்டு அந்த பீரோவுக்குள்ளதான் இருந்துச்சு."

அதற்கு நகல் வாங்க எந்தெந்த அலுவலகம் ஏற வேண்டுமோ நான் ஏறுகிறேன், இது என் வாக்கு என்றேன்.

"அது நீங்க செஞ்சே ஆகோணும். அதுக்கு வாக்கு எதுக்கு?" என்றார். மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். மற்ற வீட்டாரும் கை நிறுத்திப் பார்த்தார்கள். "நேத்து இவங்க அத்தன பேரும் கேக்கப் பேசுனீங்க. இன்னைக்கும் இவங்க கேக்க ஒண்ணு சொல்லுங்க."

சேற்றில் நின்றபடி, செசிலியாவுக்கும் கேட்கும் குரலில் சொன்னேன்: "ஒரு வீட்டில் நானும் அன்றிரவு படுக்கப் போவதில்லை என்றால், அதில் பயமில்லாமல் இருக்கலாம் என்று இனி யாரிடமும் பேச மாட்டேன்."